பவளம் அன்ரியின் வாத்துக்கூடு

சிட்னியில் வெஸ்ட்மீட் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது அன்ரியின் மகள் துஷியின் அழைப்பு வந்தது. "அக்கா, அம்மாவை எழுப்பப் போனனான். எழும்பேல்லை" என்றாள். தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டதாம். போனைக் காதில் வைத்தபடி நின்றேன். வாத்துகளை யார் திறந்துவிட்டிருப்பார்கள் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. அதை எப்படிக் கேட்பது என்று வெட்கமாக இருந்தது. சற்று நேரத்தில் துஷியே சொன்னாள்: "டக்ஸ் இன்னும் உள்ளதான் நிக்குது. எனக்கு அங்க போகேலாம இருக்கு." அப்போதுதான் இருவரும் அழுதோம்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி அவள் கேட்டிருக்கிறாள். அன்ரியை என்னைவிட நெடுங்காலம் அறிந்தவர்கள் நீங்கள். கோயிலில் அவர் கட்டிய மாலைகளைப் பற்றியும், கணவர் போன பிறகு தனியாக மகளை வளர்த்ததைப் பற்றியும் நீங்கள் எழுதுவீர்கள். நான் மெல்பர்னின் மல்கிரேவில் அவர் வீட்டின் பின்னறையில் இரண்டு வருடங்கள் வாடகைக்கு இருந்தவள். எனக்குத் தெரிந்தது அந்த வீட்டின் பின்வளவுத் தோட்டம் மட்டும்தான்.

அறை பார்க்கப் போன அன்று அவரை "மேடம்" என்று கூப்பிட்டேன். "நான் என்ன உனக்குப் படிப்பிக்கிற ரீச்சரே? அன்ரி எண்டு கூப்பிடு" என்றார். வீட்டுக்குள்ளேயே கம்பளித் தொப்பி போட்டிருந்தார். இருபத்தைந்து வருடங்கள் மெல்பர்னில் இருந்தும் குளிர் அவருக்குப் பழகவில்லை. முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்தார். அங்கே நாள் முழுவதும் கிழவர்களுக்குப் போர்வையை இழுத்துவிடுவார். வீட்டுக்கு வந்து துஷிக்கு இழுத்துவிடுவார். நான் சோபாவில் கண்ணயர்ந்தால் எனக்கும் ஒன்று வந்து விழும்.

வாத்துகள் அவர் தேடி வாங்கியவை அல்ல. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண் அடுக்குமாடிக்குக் குடிபோனபோது, தன் நான்கு வாத்துகளையும் மரக்கூட்டையும் வேலிக்கு இந்தப் பக்கம் தந்துவிட்டுப் போனார். "வெந்தயக்கீரையில இருக்கிற நத்தையளைத் தின்னும் எண்டு சொன்னவ. நத்தையோட சேத்துக் கீரையையும் தின்னுதுகள்" என்று அன்ரி எல்லோரிடமும் முறையிடுவார். முறைப்பாடு முடிந்ததும் நான்கின் பெயரையும் சொல்லுவார்: மாமி, மனேஜர், குட்டி, ரீச்சர். மனேஜர் எந்த வேலையும் செய்யாமல் நடுவில் நிற்கும். மாமிக்கு எல்லாவற்றிலும் குறை. அன்ரிக்கு அதிகாலை வேலை என்பதால், காலையில் அவற்றைத் திறந்துவிடுவது என் பொறுப்பாயிற்று.

நான் போன முதல் ஜூன் மாதத்தில், அங்கே குளிர்காலம் தொடங்கியதும், ஒரு காலை புல் முழுக்க உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. அன்று மாலையே அன்ரி பழைய கம்பளிகளோடு கூட்டுக்குள் புகுந்தார். கூரைக்குக் கீழே வரிசையாக இருந்த ஓட்டைகளில் துஷியின் பழைய காலுறைகளைத் திணித்தார். சுவரில் கம்பளியை ஆணியடித்தார். "எங்களுக்கே இப்பிடி நடுங்குது, உதுகள் வெறுங்காலோட நிக்குதுகள், பாவம். பிள்ளைப்பெத்த அறை மாதிரிப் பொத்தி வைக்க வேணும்" என்றார். சொன்னபடியே செய்தார். அடைக்கும் நேரத்தில் தினமும் சாம்பிராணித் தட்டோடு வந்து, பச்சைக் குழந்தைக்குக் காட்டுவதுபோல் கூட்டுக்குள் புகை காட்டிவிட்டுக் கதவைச் சாத்துவார். குழந்தைக்குச் சளி பிடிக்காமல் இருக்கச் செய்வது வாத்துக்கும் ஆகும் என்பது அவர் நம்பிக்கை.

நான் படித்தது கட்டடங்களின் காற்றோட்டம். அப்போது மல்கிரேவ் அலுவலகத்தில் செய்த வேலையும் அதுதான். மூச்சில் வரும் ஈரம் வெளியேற வழியில்லாத அறையில் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்வதற்கு எனக்குச் சம்பளம் தந்தார்கள். தினமும் காலையில் கூட்டின் மூடியைத் தூக்கும்போது அதன் உட்புறத்தில் நீர்த்துளிகள் கோத்து நிற்பதைப் பார்த்தேன். கீழே வைக்கோல் நசநசத்துக் கிடந்தது. வாத்தின் எச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் அந்த ஈரமும் சேர்ந்துகொள்ளும். உள்ளிருந்து வரும் காரநெடி கண்ணை எரித்தது. மாலையில் சாம்பிராணி வாசம் அந்த நெடியை மறைத்துவிடுவதால் அன்ரிக்கு அது தெரியவேயில்லை.

எனக்குத் தெரிந்தும் நான் சொல்லவில்லை. என் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். நாலெழுத்துப் படித்துவிட்டுப் பெரியவர்களுக்குப் புத்தி சொல்கிறாள் என்ற பெயர் வரக்கூடாது என்பதில் சிறு வயதிலிருந்தே கவனமாக இருந்தேன். அன்ரி அவ்வளவு ஆசையாகச் செய்கிறார், நாளைக்குச் சொல்லலாம், சனிக்கிழமை சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன்.

மூன்றாவது வாரத்தில் மாமி சத்தம் போடுவதை நிறுத்திவிட்டது. வாயைத் திறந்தபடி மூச்சு விட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் அசைந்தது. அன்ரி வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அதைத் துவாயில் சுற்றி மிருக வைத்தியரிடம் கொண்டுபோனார். மதியம் வெறும் துவாயோடு திரும்பிவந்தார். குசினியில் சமையல் மேசையருகே கதிரையில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார்.

"குளிர் இல்லையாம். அதுகளுக்கு இறகே போதுமாம். ஈர வைக்கோல்ல பூஞ்சணம் பிடிச்சு நெஞ்சுக்குள்ள போயிட்டுதாம். சாம்பிராணிப் புகை வேற. நான்தான் சாகடிச்சுப்போட்டன்."

"இல்ல அன்ரி, எனக்குத் தெரியும்" என்றேன்.

"என்ன தெரியும்?"

"ஈரம் வெளிய போகலன்னு. காலைல பாத்துட்டுத்தான் இருந்தேன்."

"எப்ப இருந்து?"

"மூணு வாரமா."

"மூண்டு கிழமை! மூண்டு கிழமையா வாயை மூடிக்கொண்டு நிண்டனியோ?"

"நீங்க பெரியவங்க. நான் வாடகைக்கு இருக்கிறவ. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"நீ வாடகைக்கு இருக்கிறாய் எண்டு வாத்துக்குத் தெரியுமே?" என்றார். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். வேறு வீடு தேட வேண்டியதுதான் என்று நினைத்து, என் அறைக்குப் போய்த் துணிகளை மடிக்கத் தொடங்கினேன்.

அரை மணி நேரம் கழித்து என் கதவு தட்டப்பட்டது. அன்ரி நின்றார். கண் சிவந்திருந்தது. ஒரு கையில் தேநீர், மறு கையில் கணவரின் பழைய டிரில். "எழும்பி வா. எங்க ஓட்டை போட வேணும் எண்டு காட்டு. அழுறதெண்டால் அங்க வந்து அழு, மழை வரப்போகுது."

அன்று மாலைக்குள் கம்பளி, காலுறை எல்லாம் வெளியே வந்தன. வாத்துகள் படுக்கும் உயரத்தில் காற்று அடிக்கக் கூடாது, தலைக்கு மேலே காற்று வெளியேற வேண்டும் என்று சொன்னேன். ஏன், எவ்வளவு, எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றையும் கேட்டார். நான் மெதுவாகச் சொன்னால், "சத்தமா. டிரில் சத்தத்தில விளங்கேல்லை" என்பார். டிரில் அப்போது ஓடிக்கொண்டிருக்கவில்லை. நான் காட்டிய இடத்தில், மேற்குப் பக்கச் சுவரின் உச்சியில், புதிதாக ஓட்டைகள் போட்டோம். பழைய வைக்கோலை முழுவதும் வாரிவிட்டு மரச்சீவலைக் கணுக்கால் உயரத்துக்குக் கொட்டினோம். வாத்துகள் தண்ணீரைச் சிந்திச் சிந்திக் கூட்டை நனைத்ததால் தண்ணீர்ச் சட்டி வெளியே போனது. முழுத் தலையையும் முக்கிக் கண்ணைக் கழுவும் ஆழத்துக்கு ஒரு வாளி வைத்தோம். அதைச் சுற்றிச் சேறாகாமலிருக்கச் சரளைக்கல் பரப்பினோம்.

அதன் பிறகு அவர் என்னைக் குற்றம் சொன்னதில்லை. தவறைத் தன்மேல் போட்டுக்கொண்டு புலம்பியதும் இல்லை. வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே, "இண்டைக்கு என்ன கண்டனீ?" என்று கேட்பார். முதலில் "ஒண்ணும் இல்ல அன்ரி" என்பேன். "மூண்டு வாத்தையும் ஒரு மணித்தியாலம் பாத்துப்போட்டு ஒண்டும் காணேல்லையோ? அப்ப உன்ர கண்ணுக்கு வைத்தியம் பாக்க வேணும்" என்பார். போகப்போக, மூலையில் மரச்சீவல் ஈரமாக இருப்பதையும், குட்டி வலது காலைத் தூக்கித் தூக்கி வைப்பதையும் சொல்லத் தொடங்கினேன்.

குட்டியின் காலைப் பார்த்த அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நாலு நாளாகச் சிணுங்கும் மழை. அன்ரி பிளாஸ்டிக் கோட்டு போட்டு, சேற்றில் முழங்காலிட்டு, வாத்தை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு பாதத்தைக் கழுவினார். அடிப்பாதத்தில் சிறிய புண். வைத்தியர் தந்த மருந்தைத் தடவியபடி, "என்ர இல்லத்தில ஒரு கிழவர் இருக்கிறார், காலைத் தொட விடார். இவள் எவ்வளவு நல்லவள், பார்" என்றார். நல்லவள் அவர் கோட்டின் பொத்தானைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். வேலிக்கு மேலே எட்டிப் பார்த்த புதிய பக்கத்து வீட்டுக்காரரிடம் ஆங்கிலத்தில் என்னைக் காட்டி, "மை இன்ஜினியர்" என்றார். எனக்கு அந்த வாளிக்குள் தலையை முக்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

சிட்னி வேலை கிடைத்து நான் புறப்பட்ட பிறகும் போனில் அதே கேள்விதான். வாத்து இல்லாத ஊரில் அலுவலகத்தைப் பற்றிச் சொன்னேன். கூட்டத்தில் வரைபடத்திலிருந்த பிழையைச் சுட்டிக்காட்டினேன் என்று ஒரு தடவை சொன்னபோது, "எத்தினை நாள் பொறுத்துச் சொன்னனீ?" என்றார். அன்றே சொன்னேன் என்றதும் சிரித்தார்.

இறுதிச் சடங்குக்கு மறுநாள் வீடு நிறைய ஆட்கள். வெளியே மழை. அன்ரியின் தம்பி சிறி அங்கிள், துஷிக்குத் துணையாக அந்த வீட்டுக்கே குடிவந்திருந்தார். இனி வாத்துகளும் அவர் பொறுப்பு. பின்கதவால் பார்த்தபோது, தார்ப்பாயைக் கூட்டின் மேற்பகுதியில் சுற்றி ஆணியடிக்க நின்றார். ஓட்டைகள் எல்லாம் அடைபட்டுவிடும். நான் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு வெளியே போனேன்.

"அங்கிள், அதை அடிக்காதீங்க."

மழையில் அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். குசினியில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பும் அளவுக்குச் சத்தமாக வந்துவிட்டது.

"ஏன் பிள்ளை? இரவைக்கு மூண்டு டிகிரியாம். அக்கா போன கையோட வாத்துகளும் போச்சுது எண்டு சனம் கதைக்கும். நீர் ஆர்?"

"பின்னறையில இருந்த இந்தியாப் பிள்ளை" என்று யாரோ வாசலிலிருந்து சொன்னார்கள். "மாமா, அவவைக் கேளுங்கோ. அம்மாவே அவவைத்தான் கேக்கிறவ" என்றாள் துஷி.

மேலே மூடினால் என்ன ஆகும் என்று சொன்னேன். மாமி போன கதையையும் சொன்னேன். என் தவறையும் சேர்த்துத்தான் சொன்னேன். அங்கிள் சுத்தியலைத் தோளில் சாய்த்துக்கொண்டு முழுவதும் கேட்டார். பிறகு, "நீர் சொல்லுறது சரி. ஆனா நீர் போனாப் பிறகு மேற்குப் பக்க வேலி விழுந்துட்டுது. காத்தும் மழையும் இப்ப நேரா அந்த ஓட்டைக்குள்ளதான் அடிக்குது. இஞ்ச வந்து கையை வைச்சுப் பாரும்" என்றார்.

வைத்துப் பார்த்தேன். ஓட்டைகளுக்குக் கீழே மரச்சீவல் சொதசொதவென்று நனைந்திருந்தது. அந்த ஓட்டைகளை அங்கே போடச் சொன்னது நான்தான்.

"நான் பாக்கல அங்கிள். நீங்க சொல்றதுதான் சரி" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "ரெண்டு பேரும் சரியெண்டால் என்ன செய்யிறது?" நனைந்ததை வாரி எடுத்துவிட்டுப் புதிய மரச்சீவல் போட்டோம். ஓட்டைகளை மூடாமல் அவற்றுக்கு மேலே ஒரு பலகையைத் தாழ்வாரம்போல் சரித்து அடித்தோம். நான் பலகையைப் பிடித்தேன்; அவர் அடித்தார். இருட்டுவதற்குள் மூன்று வாத்துகளும் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டன.

அன்ரி எனக்குப் பேசக் கற்றுத் தந்தார் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதும்போதுதான் அது பாதி என்று தெரிகிறது. ஆசையாகச் செய்த ஒன்று பிழை என்று தெரிந்த அன்றே, பிழையைக் கண்டவளின் கதவைத் தட்டி "எங்க, காட்டு" என்று கேட்க அவரால் முடிந்தது. அரை மணி நேரம்தான் அவருக்குத் தேவைப்பட்டது. சிறி அங்கிள் சொல்லி மழையில் கையை உள்ளே வைத்துப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு நேரம்கூட வேண்டியிருக்கவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதைத்தான். வாத்துகள் சிறி அங்கிளோடு சுகமாக இருக்கின்றன. மனேஜர் இப்போதும் எந்த வேலையும் செய்வதில்லையாம்.

அன்ரியைப் பற்றி நான் பிழையாகக் கண்டு எழுதியது இதில் ஏதேனும் இருந்தால், அவரை அறிந்த நீங்கள் தயங்காமல் எனக்குச் சொல்லுங்கள். திருத்திக்கொள்கிறேன்.