அடியில்லாத பை

எங்களுக்குத் தோட்டத்தில் கொடுத்த வீட்டில் முன்பு குடியிருந்த கணக்குக் கிராணி, சம்பளப் பையோடு வரும் வழியில் வெட்டுப்பட்டுச் செத்தவர். என் கணவர் இதை என்னிடம் சொல்லாமலே என்னை அங்கே கூட்டி வந்தார். சொன்னால் வரமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். செடெனாக் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கி, ரப்பர்ப் பால்மரங்களுக்கு நடுவே மாட்டு வண்டியில் குலுங்கி வந்து, சாமான்களை இறக்கி வைத்த அன்றே, தண்ணீர்க் குழாயடியில் பால் வெட்டும் பெண் ஒருத்தி எனக்குச் சொல்லிவிட்டாள்.

“கண்ணால பாத்தவ நான்தாம்மா. பலகைப் பாலத்துக்கிட்ட ரெண்டு பேரு நின்னாங்க. முன்னால நின்னவன் கும்புட்டான். கிராணி ஐயா கொடைய அக்குள்ல இடுக்கிக்கிட்டு ரெண்டு கையையும் கூப்பித் திருப்பிக் கும்புட்டாரு. கூப்பின கை பிரியல, பின்னால நின்னவன் பாராங்கத்திய ஓங்கிட்டான்.”

“ஆளு யாருன்னு தெரியலையா?”

“போலீசு மாத்தாக்காரங்களும் அதைத்தான் கேட்டாங்க. எனக்கு முதுகுதாம்மா தெரிஞ்சுது. ஆனா கும்புட்டவன் நம்ம ஆளுதான்.”

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் இறங்கியது. பிறகு நான் யாரிடம் கேட்டாலும் அந்த இடத்தில் குரல் இறங்கத்தான் செய்தது. அவர்கள் பிடிபடவே இல்லை. தோட்டத்தை விட்டு ஓடிப்போனார்களா, தொழிலாளர் குடியிருக்கும் இதே லயத்தில் எங்களோடு இருந்து, தினமும் காலையில் பெயர் கூப்பிடும்போது வரிசையில் வந்து நிற்கிறார்களா என்று யாருக்கும் தெரியாது.

அன்று மாலை அவரோடு சண்டை பிடித்தேன்.

“தெரிஞ்சுதானே கூட்டியாந்தீங்க?”

“தெரிஞ்சுதான்.”

“அந்தப் பைய இனிமே நீங்கதானே தூக்கணும்?”

“கிராணி வேலைன்னா அதுவும் சேத்துதான். நீ சோத்தைப் போடு.”

சோற்றைப் போட்டேன். கூடத்துச் சுவரில் ஓர் ஆணி இருந்தது. அதற்குக் கீழே சுண்ணாம்பு மங்காமல் ஒரு மேல்கோட்டின் அளவுக்கு வெள்ளையாக இருந்தது. செத்தவர் தினமும் கோட்டை அங்கேதான் மாட்டியிருக்கிறார். நான் வேறு ஆணி அடித்துக் கொடுத்தும், என் கணவர் மறந்துபோய் அதே ஆணியில் மாட்டுவார். நான் எடுத்து மற்றதில் மாட்டுவேன். இருட்டும் நேரத்தில் அந்த வெள்ளைத் திட்டு மட்டும் கண்ணில் படும். எனக்குப் பயமாக இருந்தது, அதை மறைப்பதில் என்ன லாபம்?

சம்பள நாளுக்கு முந்தைய வாரம் தோட்டத்துத் துரை அவரைக் கூப்பிட்டு இரண்டு துப்பாக்கிகளைக் கொடுத்தார். இரண்டையும் பழகிப் பார்த்து, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தர வேண்டும் என்றார். எதுவானாலும் வெளியே தெரியக்கூடாது. துப்பாக்கி தெரிந்தால் பணம் வருவதும் தெரிந்துவிடுமாம். கூட ஆள் அனுப்பாததற்கும் அதுவே காரணம். சம்பள நாள் எதுவென்று லயத்து நாய்க்குக்கூடத் தெரியும், துரைக்கு மட்டும் அது ரகசியம்.

ஒன்று பெரிய ரிவால்வர். நீளக் குழாய், மரப் பிடி, தூக்கினால் மணிக்கட்டு இறங்கும் கனம். மற்றது உள்ளங்கைக்குள் அடங்கும் பிஸ்டல். தட்டையாக இருக்கும், குண்டெல்லாம் பிடிக்குள்ளேயே. சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது தாயும் பிள்ளையும் போல இருந்தன. பெரியதின் பிடியில் வியர்வை ஊறிக் கறுத்த இடம் ஒன்று இருந்தது.

“இது அவரோடதா?” என்று கேட்டேன்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

வெட்டியவர்கள் பணப்பையைப் பறித்துக்கொண்டு ஓடியபோது இந்த ரிவால்வர் பொத்தான் போட்ட கோட்டுக்குள்ளேயே கிடந்திருக்கிறது. ஆளைத் தூக்கிக்கொண்டு வந்து கோட்டைக் கழற்றிய பிறகுதான் கண்டார்களாம். அத்தனை நன்றாக ஒளித்து வைத்திருந்தார் அந்த மனிதர், கொன்றவர்களுக்கே தெரியாத அளவுக்கு.

ஞாயிற்றுக்கிழமை, ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் கொட்டகைக்குப் பின்னால் மண்ணெண்ணெய்த் தகரத்தை அடிமரத்தின் மேல் வைத்துச் சுட்டுப் பார்த்தார். நானும் போனேன். பெரியது சுட்டபோது சத்தம் நெஞ்சில் இடித்தது. தகரம் துளைபட்டு, குண்டு பின்னாலிருந்த மரத்தில் போய்ப் புதைந்தது. கனமாக இருந்ததால் அவர் கையில் அது ஆடவில்லை. ஐந்து விரலும் பிடியில் நன்றாக உட்கார்ந்தன. சின்னதில் சுண்டுவிரலுக்கு இடமில்லை, அது காற்றில் தொங்கியது. சுட்டதும் மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. முதல் குண்டு எங்கே போனதென்றே தெரியவில்லை. நடுவில் ஒரு குண்டு சிக்கிக்கொண்டு, அவர் அதைத் தட்டித் தட்டி எடுத்தார். பக்கத்தில் போய் நின்று சுட்டால்தான் தகரம் விழுந்தது.

“பெரிசுதான் எனக்குச் சரி. கையில பிடிச்சா ஒரு தைரியம் வருது” என்றார்.

எனக்கும் அது சரியென்றே பட்டது, அதை அவருடைய கோட்டில் வைத்துப் பார்க்கும் வரைக்கும். உள்பக்கம் கித்தான் துணியில் பை வைத்துத் தைத்தேன். போட்டுக்கொண்டு நின்றால் கோட்டின் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு தொங்கியது. தோள் சாய்ந்தது. சமநிலைக்கு மறுபக்கத்து மடிப்பில் மீன்வலை ஈயக்குண்டுகளைக் கோத்துத் தைத்தேன். தோள் நேரானது, ஆனால் குனிந்தால் விலாப் பக்கம் பிடி துருத்தியது. எல்லாம் போகட்டும் என்று, “எடுங்க பாப்போம்” என்றேன். அவர் கையிலிருந்த குடையை விட்டு, மேல் பொத்தானைக் கழற்றி, அடுத்ததைக் கழற்றி, கையை விட்டுத் துழாவி, நீளக் குழாய் துணியில் மாட்டி, இழுத்து எடுப்பதற்குள் நான் ஒரு பிடி கீரையை ஆய்ந்து முடித்திருப்பேன்.

“பொத்தானைத் தொறந்து போட்டுக்கிட்டு போங்களேன்.”

“பொத்தானைத் தொறந்துக்கிட்டு துரை முன்னால போய் நிக்கச் சொல்றியா? நான் என்ன கள்ளுக்கடைக்கா போறேன்?”

எங்கள் ஆட்கள் இப்படி. உயிர் போனாலும் மரியாதை குறையக்கூடாது. செத்தவரும் தன் பெண்டாட்டியிடம் இப்படித்தான் சொல்லியிருப்பார்.

சின்னதை அவருடைய அகல இடுப்பு வாரில் இருக்கும் தோல் பைக்குள் வைத்தேன். வேட்டி மேல் வார், அதற்கு மேல் கோட்டு. வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கோட்டைத் தாண்டிக் கை போக வேண்டுமே. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, கோட்டின் வலப்பக்கப் பையின் அடியை வெட்டி எடுத்துவிட்டேன். இப்போது பைக்குள் கையை விட்டால் நேராக வாருக்குப் போகும். பொத்தான் கழற்ற வேண்டாம். பார்க்கிறவர்களுக்குச் சும்மா பையில் கைவிட்டுக்கொண்டு நடப்பது போலத்தான் இருக்கும். வெட்டிய துணியைத் தையல் பெட்டியில் போட்டு வைத்தேன். எதையும் தூக்கி எறியும் பழக்கம் எனக்கு இல்லை.

“இத்தனூண்டு சாமான வெச்சுக்கிட்டு நான் என்ன செய்யறது?” என்றார்.

“கிட்ட வந்தா சுடுங்க. அவங்க கிட்ட வந்துதானே கும்புடுவாங்க.”

அவர் முகம் மாறியது.

“எந்தத் துப்பாக்கியா இருந்தா என்னங்க,” என்றேன், “ரெண்டு கையையும் தூக்கிட்டா எல்லாம் ஒண்ணுதான். பாதையில யாரு கும்புட்டாலும் கைய எடுக்க மாட்டேன்னு சொல்லுங்க.”

“மனுசன் கும்புட்டா திருப்பிக் கும்புடாம போறதா? நான் என்ன மிருகமா?”

“மிருகமாவே வீட்டுக்கு வாங்க.”

அழுதுகொண்டுதான் சொன்னேன். அவர் பெரியதைத் துணியில் சுற்றித் துரையிடம் திருப்பிக் கொடுக்க எடுத்து வைத்தார்.

முதலில் அந்தக் கோட்டுப் பையால் வீட்டில் சிரிப்புத்தான். பழக்கத்தில் கைக்குட்டையைப் போடுவார், அது தரையில் விழும். பொடி மட்டையைப் போடுவார், அதுவும் விழும். “உங்க பையில போட்டா பூமாதேவிக்குத்தான் சேரும்” என்று கேலி செய்வேன். சம்பள நாளில் மட்டும் கேலி கிடையாது. அவர் பாங்கியில் பணம் எடுத்துக்கொண்டு ஜொகூர் பாருவிலிருந்து வரும் ரயிலின் சத்தம் கேட்கும் வரை நான் அடுப்பைப் பற்ற வைக்க மாட்டேன்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு சம்பள நாளில் அது நடந்தது. மழையில் வண்டி பலகைப் பாலத்தைத் தாண்டாது. அங்கிருந்து அவர் நடந்துதான் வர வேண்டும். பாலத்தைக் கடந்ததும் மரங்களுக்குள்ளிருந்து ஓர் ஆள் வெளியே வந்து, பாதை நடுவில் நின்று, இரண்டு கையையும் கூப்பியிருக்கிறான். இவர் கையைக் கோட்டுப் பையை விட்டு எடுக்கவில்லை. அடியில்லாத பைக்குள் கைவிட்டு, வாரிலிருந்த பிஸ்டலைப் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறார். அவனும் கூப்பிய கையோடு நின்றிருக்கிறான். எவ்வளவு நேரம் என்று அவருக்கே தெரியவில்லை. பிறகு அவன் கையை இறக்கி, ஒரு வார்த்தையும் பேசாமல், வந்த வழியே மரங்களுக்குள் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்தவர் பணப்பையை இறக்காமலே உட்கார்ந்துவிட்டார்.

“யாருங்க? நம்ம லயத்து ஆளா?”

“தெரியல. தலையில சாக்கு போட்டிருந்தான், மழைக்கு.”

“பின்னால வேற ஆளு இருந்துச்சா?”

“மரத்துக்குப் பின்னால யாரு இருந்தா எனக்கெப்படித் தெரியும்?” என்று கத்தினார். பிறகு, “அவன் அழுதுக்கிட்டு இருந்த மாதிரி இருந்துச்சு. மழைத் தண்ணியா இருக்கும்” என்றார்.

அந்த வாரம் கடைசி லயத்தில் ஒரு குழந்தை காய்ச்சலில் இறந்தது. அதன் தகப்பன்தான் முன்பணம் கேட்கவோ, ஆஸ்பத்திரிக்கு வண்டி கேட்கவோ வந்து நின்றவனா? இல்லை, என் கணவரை வெட்ட வந்து, அவர் கை பைக்குள் இருப்பதைக் கண்டு போனவனா? இன்றுவரை எனக்குத் தெரியாது. போய் விசாரித்துவிடலாம்தான். அவர் போகவில்லை. நானும் போகச் சொல்லவில்லை. குழந்தையின் அப்பன்தான் என்று தெரிந்துவிட்டால் பிறகு எப்படி அந்த வீட்டில் சோறு தின்பது?

அதற்கப்புறம் அவருடைய வலது கை அந்தப் பையை விட்டு வரவே இல்லை. பாதையில் மட்டுமல்ல, லயத்தில், கடைத்தெருவில், எல்லா இடத்திலும் அப்படித்தான். புதுக் கிராணிக்குத் திமிர் என்று பேசிக்கொண்டார்கள். பிற்பாடு சம்பளம் போலீஸ் காவலோடு மோட்டார் காரில் வரத் தொடங்கியதும் பிஸ்டலைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். கை மட்டும் திரும்பவில்லை. மாரியம்மன் கோயிலில் சட்டையைக் கழற்றிவிட்டு வெறும் உடம்போடு நிற்பார், இடது கை நெஞ்சுக்கு வரும், வலது கை இடுப்பில் நிற்கும். பல வருசம் கழித்து எங்கள் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் வாசலில் நின்று வணக்கம் சொன்னபோது நான்தான் அவர் கையைப் பிடித்து இழுத்து மற்றக் கையோடு சேர்த்துவிட்டேன். வந்தவர்கள் பக்கவாதமா என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பையை வெட்டியதற்காக நான் வருந்தவில்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் உயிரோடு வீட்டுக்கு வந்தார், மகளுக்குக் கல்யாணம் செய்து பார்த்தார், மலேரியாவில் தன் படுக்கையில் கிடந்து செத்தார். எனக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவளுக்கு அது கிடைக்கவில்லை.

உடம்பைக் குளிப்பாட்டிக் கிடத்தியதும், கைகளின் கட்டை விரல்களைச் சேர்த்துக் கட்டத் துணி கேட்டார்கள். நான் தையல் பெட்டியைத் திறந்தேன். முதலில் கையில் வந்தது அந்தப் பையின் அடித்துணிதான். நீளமாகக் கிழித்துக் கொடுத்தேன். வலது கை விறைத்துப்போய் இடுப்போடு கிடந்தது. இரண்டு பேர் பிடித்து மெதுவாக மேலே கொண்டுவந்து, இடது கையோடு நெஞ்சில் சேர்த்துக் கட்டினார்கள்.

லயம் முழுக்க வந்தது. ஒவ்வொருவராகத் தலைமாட்டில் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அவரும் கை கூப்பியபடி படுத்திருந்தார். மழையில் சாக்கைப் போட்டுக்கொண்டு பாதையில் நின்றவன் அவர்களில் இருந்தானா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருந்திருந்தால், அவனுக்கும் அன்று பதில் கும்பிடு கிடைத்துவிட்டது.