விளக்கு மங்கிய நேரத்தில் கேட்ட இசைத்தட்டு

1978 நவம்பர் 21, செவ்வாய்க்கிழமை. காலை ஆறு மணிக்கு எழுந்தேன். ஜன்னல் கண்ணாடியின் உட்பக்கம் வழிந்திருந்த ஈரத்தைத் துணியால் துடைத்தேன். கொடைக்கானலில் மழைக்காலம் முழுக்க தினமும் செய்யவேண்டிய வேலை அது. தீப்பெட்டியை அடுப்பு மேட்டில் காயவைத்தேன். வெந்நீர், கஞ்சி, ஜெபம். குடையை எடுத்துக்கொண்டு மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். காலையில் மூன்று தமிழ் வகுப்புகள், மதியம் ஒன்று. மழை விடவில்லை. கவுஞ்சியிலிருந்து உருளைக்கிழங்கு ஏற்றிவந்த லாரி வழியில் மண்சரிவில் நின்றுவிட்டதாக விடுதிச் சமையற்காரர் சொன்னார். பிள்ளைகளுக்கு இரவில் பருப்பு மட்டும்.

இவ்வளவும் அன்றைய நாட்குறிப்பில் இருக்கிறது. மாலையில் நடந்ததற்கு ஒரே ஒரு வரிதான்: "நார்வே அம்மா வந்தார்கள். இசைத்தட்டு." மீதியை ஞாபகத்திலிருந்து எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தின் இசை அறையும் அதிலிருந்த பழைய ரெக்கார்டு பிளேயரும் என் பொறுப்பில் இருந்தன. பாடத் தெரிந்தவன் என்பதால் அல்ல, எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைப்பவன் என்பதால் கொடுத்தார்கள். பள்ளி விட்டபின் அறையைப் பூட்டப் போனபோது வாசலில் இரண்டு பெண்கள் நனைந்த குடைகளோடு நின்றிருந்தார்கள்.

ஒருவர் நார்வே அம்மா. போதகராக இருந்த கணவருடன் இளம் வயதில் மலைக்கு வந்தவர். பேத்துப்பாறையில் மிஷன் மருந்தகம் நடத்திவந்தார். கணவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்னொருவர் அவர் மகனைத் தூக்கி வளர்த்த ஆயா. அந்த மகன் நார்வேக்குப் போனபிறகும் அம்மாவுடனேயே தங்கிவிட்டவர். கணவர் பேசியது வேதாகமத் தமிழ். அம்மா பேசியது நோயாளிகளிடம் கற்ற தமிழ்.

"வாத்தியாரே, சோலி முடிஞ்சுதா? ஒரு தட்டு போட்டுக் காட்டணும்" என்றார் அம்மா.

"உள்ள வாங்கம்மா."

ஆயா குடையை உதறி மூலையில் சாய்த்துவிட்டுப் பிளேயரைச் சுற்றிப் பார்த்தார். "இந்தப் பெட்டி கோயில் பாட்டு மட்டுந்தான் பாடுமா, எங்க தம்பி பாட்டையும் பாடுமா?"

"எதைப் போட்டாலும் பாடும்."

"உங்க பாட்டுக்கார ஆளுக மாதிரி எழவு வீட்டு இழுவை இழுக்காம இருந்தாச் சரி" என்றார் ஆயா. எங்கள் பாடகர் குழுவைப் பற்றி ஊரில் பொதுவாக இருந்த அபிப்பிராயம் அதுதான்.

அம்மா தன் ஸ்வெட்டருக்குள்ளிருந்து ஒரு பார்சலை எடுத்தார். காகிதம் ஊறிப் பிய்ந்திருந்தது. உள்ளே இசைத்தட்டு உறை நனையாமல் இருந்தது. கடற்கரைப் பாறை ஒன்றின்மேல் ஐந்து தாடிக்காரர்கள். இடமிருந்து இரண்டாவது ஆள் அவர் மகன். கொடைக்கானலிலேயே பிறந்து, எங்கள் பள்ளிக்கூடத்திலேயே படித்தவன். நார்வேயில் ஜாஸையும் ராக்கையும் கலந்து வாசிக்கும் ஒரு குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவர்களுடைய முதல் இசைத்தட்டு இது.

"தம்பி என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் எழுதல. இது மட்டுந்தான் கெடக்கு."

பிறகு அவரே எல்லாவற்றையும் சொன்னார். தகப்பன் அடக்கம் முடிந்த வாரத்தில், அம்மாவும் தன்னோடு நார்வேக்கு வந்துவிட வேண்டும் என்று மகன் கெஞ்சினான். மருந்தகத்தை விட்டு வரமுடியாது என்று இவர் மறுத்தார். அவன் கோபத்தோடு தனியே போனான். அதன்பின் கிறிஸ்துமஸ் அட்டைகள் வந்தன. பிறகு அவையும் நின்றன. இப்போது மிஷன் கண்காணிப்பாளர் மதுரையிலிருந்து வந்து தங்கியிருந்தார். அம்மா நார்வேக்குத் திரும்ப விரும்பினால் மிஷன் டிக்கெட் எடுத்துத் தரும். நாளைக் காலை பஸ்ஸில் அவர் கிளம்புவதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

"இந்தத் தடவ வேணாம்னு சொல்லிட்டா இனிமே கேக்க மாட்டாங்க" என்றார் அம்மா. "அவன் என்னைத் தேடுறானான்னு தெரியணும், வாத்தியாரே. தேடுனா போறேன். இல்லாட்டி அங்க போயி அவன் வீட்டுல என்னத்துக்கு உக்காந்திருக்கணும்?"

"அது இந்தத் தட்டுல தெரியுமா?"

"தெரியும். சின்னப் பிள்ளையில அடுப்படியில டப்பாவைக் கவுத்துப்போட்டுத் தட்டும்போதே தெரியும், கோவமா இருக்கானா, பசியா இருக்கானான்னு."

"பசின்னா ரெண்டு கையிலயும் தட்டுவான்" என்றார் ஆயா.

இசைத்தட்டை வைத்து முள்ளை இறக்கினேன். இருட்டத் தொடங்கியிருந்தது. இருவரும் பாடகர் பெஞ்சில் கைகளைத் துப்பட்டிக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

அப்படி ஓர் இசையை நான் அதற்குமுன் கேட்டதில்லை. எலெக்ட்ரிக் பியானோ ஒவ்வொரு சுரத்தையும் சேற்றிலிருந்து காலைப் பிடுங்குவதுபோல எடுத்து வைத்தது. சாக்ஸபோன் சளி கட்டிய தொண்டையால் யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. டிரம்ஸ் எல்லாவற்றுக்கும் பின்னால் கனமாக, களைப்பாக விழுந்தது. பாட்டு என்று வாய்விட்டுப் பாடியவர் ஒருவரும் இல்லை. ஆயா முதலில் தலையசைத்துப் பார்த்தார், தாளம் பிடிபடவில்லை, விட்டுவிட்டார். அந்தப் பக்கத்தின் கடைசி உருப்படி முடிந்து வாத்தியங்கள் ஓய்ந்தபின் மைக்கின் அருகில் ஒரு மனிதக் குரல் எழுந்தது. அடித்தொண்டையிலிருந்து, விட்டு விட்டு, மூச்சு முட்டி வந்த குரல்.

"ஐயோ அம்மா, தம்பி அழுவுது" என்றார் ஆயா.

அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "அழுவுறான்" என்றார். "பக்கத்துல ஆளில்லாம அழுவுறான்."

அவர் முகத்தை நான் பார்த்தேன். கணவர் போனபின் அந்த முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் கண்டதில்லை. உடனே பேசத் தொடங்கினார். கம்பளித் துணிகளை வெயில் வந்ததும் காயவைக்க வேண்டும். மருந்தகத்துச் சாவியைப் போதகரிடம் கொடுத்துவிடலாம். ஆயா எங்கே இருப்பார் என்பதில்தான் அவருக்குப் பேச்சு நின்றது.

"எனக்கென்னம்மா? கவுஞ்சியில அண்ணன் மகன் வீடு இருக்கு. ஒரு மூலை குடுக்காமயா போயிருவான்? நீங்க வெரசா போற வழியப் பாருங்க. பிள்ளை அழுவுதுல்ல" என்றார் ஆயா. அந்த அண்ணன் மகனைப் பற்றி அவர் ஒருநாளும் நல்லதாகச் சொன்னதில்லை என்பது எனக்குத் தெரியும்.

முள்ளை எடுத்துவைக்கக் குனிந்தபோதுதான் மேலே தொங்கிய பல்பைக் கவனித்தேன். அதன் கம்பி மட்டும் சிவப்பாகத் தெரிந்தது.

மாலையானதும் ஊரில் எல்லோரும் ஒரே நேரத்தில் விளக்கும் ஹீட்டரும் போடுவார்கள், மின்சாரம் இறங்கிவிடும். எங்கள் பிளேயர் அதோடு சேர்ந்து தளர்ந்து சுற்றும். பாடகர் குழு பல வருஷமாக மாலை நேரத்தில், இந்தப் பிளேயரைக் கேட்டுத்தான் புதுப் பாடல்களைப் பழகியது. அதனால் நாங்கள் எல்லாவற்றையும் சுருதி இறக்கி, சவ ஊர்வலத்துக்குப் போவதுபோலப் பாடினோம். பாட்டே அப்படித்தான் என்று நம்பினோம். ஒருமுறை மதுரையில் ஒரு விழாவுக்குப் போய், அங்கே ஆர்கன் வாசித்தவர் சரியான வேகத்தில் ஆரம்பித்ததும், முதல் அடியிலேயே திணறி நின்றோம். பிறகுதான் விஷயம் எங்களுக்குப் புரிந்தது. புரிந்தும் பழக்கம் மாறவில்லை.

"அம்மா, கரண்டு கம்மியா இருக்கு. இது தம்பி வாசிச்ச வேகம் இல்ல" என்றேன்.

ஆயா என்னை முறைத்தார். "வாத்தியாரய்யா, கொஞ்சம் சும்மா இருங்களேன்."

ஏன் சொன்னேன் என்று அதற்குப்பின் பலமுறை யோசித்திருக்கிறேன். கோணலாக மாட்டிய படத்தைக் கண்டால் கை தானாக நேராக்கிவிடும் ஆள் நான். அதைத் தவிர வேறு காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அம்மா பல்பைப் பார்த்தார். சுற்றுவது நின்றுபோன தட்டைப் பார்த்தார். "சரியான வேகம் எப்ப வரும்?"

"விடியக்காலம். ஊர் எந்திரிக்கிறதுக்கு முந்தி."

"கேக்காமலே போயிரலாம்" என்று மெல்லச் சொன்னார். "ஆனா அங்க போயி எறங்குன பெறகு தெரிஞ்சா, திரும்பி வர முடியாதே." எழுந்து குடையை எடுத்துக்கொண்டார். "ராத்திரி இங்க மிஷன் பங்களாவுலதான் தங்குறோம். வெள்ளனே வர்றேன், வாத்தியாரே. தட்டு இங்கயே இருக்கட்டும்."

ஆயா என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனார். நான் அறையைப் பூட்டினேன். வீட்டுக்குப் போய்ப் பருப்பும் சோறும் சாப்பிட்டு, அந்த ஒரு வரியை எழுதிவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் புதன்கிழமை. முதல் வேலையாக இசை அறையைத் திறந்தேன். அவர்கள் இருவரும் எனக்கு முன்பே வந்து தாழ்வாரத்தில் நின்றிருந்தார்கள். பல்ப் கண் கூச எரிந்தது. முள்ளை இறக்கினேன்.

அதே தட்டு, அதே பக்கம். ஆனால் ஐந்து பேர் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டு சரிவில் ஓடுவதுபோல இருந்தது. பியானோ துள்ளியது. சாக்ஸபோன் கேலி பேசியது. டிரம்ஸ் எல்லோரையும் முந்திப் போய்த் திரும்பி நின்று, வரச்சொல்லி வம்பிழுத்து, மறுபடி ஓடியது. பக்கத்தின் கடைசியில் அந்தக் குரல் வந்தது. ஓர் ஆள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பின்னால் மற்றவர்களும் சிரித்தார்கள்.

"சிரிக்குது பாரு, கழுத" என்று ஆயா முந்தானையால் மூக்கைத் துடைத்தார்.

மறுபக்கம் போடட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"வேணாம். நல்லா இருக்கான். சிநேகிதக்காரங்க கூட இருக்காங்க. அவனுக்கு என்ன கொறை?"

தட்டைத் தானே எடுத்து, விளிம்பை மட்டும் பிடித்து உறைக்குள் நுழைத்தார். மூவருமாகப் பஸ் நிலையத்துக்கு நடந்தோம். மழை விட்டிருந்தது, பனி ஏரியை மூடியிருந்தது. கண்காணிப்பாளர் ஏற்கனவே பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். அவரும் அம்மாவின் நாட்டுக்காரர்தான். அம்மா ஜன்னலருகே போய் அண்ணாந்து, தமிழில் சொன்னார்:

"டிக்கெட்டு வேணாங்க."