ஏழாம் நாள் ஊசியும் பழைய டிராயிங்கும்

போன வாரம் எங்கள் வீட்டில் பெரிய சண்டை. காரணம்... ஒரு நாய்!

என் மகள் கயல் ஆறாவது படிக்கிறாள், குழந்தைகளே. டியூஷன் முடிந்து வரும்போது ஒரு தெருநாய் அவள் காலைக் கடித்துவிட்டு ஓடிவிட்டது. காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே ஓசூர் அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டோம். மூன்றாம் நாளும் போட்டாயிற்று. அடுத்தது ஏழாம் நாள், கடைசி இருபத்தெட்டாம் நாள் என்று சீட்டில் எழுதித் தந்தார்கள்.

ஆறாம் நாள் ஊத்தங்கரையிலிருந்து என் மனைவியின் அண்ணன் வந்து சேர்ந்தார்.

"புண்ணுதான் ஆறிப்போச்சே மாப்ள! இன்னும் எதுக்குப் புள்ளயக் குத்தறீங்க?"

"டாக்டர் சொல்லியிருக்கார் மச்சான்."

"அட, போங்க! அப்போ தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசின்னாங்க. இப்போ கையில நாலுங்கறாங்க. நாளைக்கு ஒண்ணுமே வேணாம்பாங்க. இவங்க பேச்ச எப்படி நம்பறது?"

கயல் உடனே மாமா கட்சிக்குத் தாவிவிட்டாள். ஊசி வேண்டாம் என்றால் யாருக்குக் கசக்கும்?

நான் ஐ.டி.ஐ. படித்து மெஷின் ஓட்டுகிறவன், மருந்தைப் பற்றி என்ன கண்டேன்? அவர் பேச்சிலும் நியாயம் இருப்பதுபோலத்தான் பட்டது. உண்மை என்றால் ஒன்றுதானே — அது எப்படி மாறும்?

மறுநாள் கம்பெனியில் காலை ஷிஃப்ட். இதே யோசனையோடு, டிராயிங்கில் உள்ள அளவுப்படி மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து மெஷின் மஞ்சுளா அவசரத்தில் கன்னடம் கலந்து கத்தினாள்.

"அண்ணா, நில்ஸி நில்ஸி! நிறுத்துங்க! பழைய டிராயிங்க வெச்சு ஓட்டறீங்க. அளவத் திருத்திப் புது ரெவிஷன் வந்துடுச்சு!"

"போன வாரம் இதுதான் சரின்னாங்களேம்மா?"

"பீஸ் சரியா உக்காரலயாம், திருத்திட்டாங்க. நீங்க வேற, கல்யாணம் முடிஞ்சப்புறம் பத்திரிகை வெக்கறீங்க!"

இத்தனை வருடத்தில் எத்தனை டிராயிங் மாறியிருக்கிறது! வரைந்தவரைப் பொய்யர் என்று ஒரு நாளாவது சொல்லியிருக்கிறேனா? திருத்தியதைத்தானே நம்பி வேலை செய்கிறேன்? ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

ஆனாலும் குழப்பம் தீரவில்லை. எங்கள் டிராயிங்கின் ஓரத்தில் எது மாறியது, ஏன் மாறியது, கையெழுத்து யாருடையது — எல்லாம் இருக்கும். பதினாலு ஏன் நாலானது என்று எங்களுக்கு யார் எழுதிக் காட்டினார்கள்? வருவதெல்லாம் வாட்ஸ்அப் வதந்தி மட்டும்தான்...

சாயங்காலம் கயலை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய், நர்ஸம்மாவிடமே கேட்டுவிட்டேன். பின்னால் நீண்ட வரிசை.

"அந்த மருந்து வேற, இது வேற சார். இது நல்லா வேலை செய்யுது, அதான் கொஞ்சம் போதும். கையக் காட்டு பாப்பா!"

அவ்வளவுதான் விளக்கம். ஊசி இறங்கியது. கயல் போட்ட கூச்சலில் வரிசையே சிரித்தது.

வீட்டு வாசலிலேயே மச்சான் மடக்கினார்.

"அந்தம்மா சொன்னது உண்மைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முழுசாத் தெரியாது மச்சான். அந்த நாய்க்கு வெறி இருந்துச்சா இல்லையான்னும் தெரியாதே? வெறிநோய் வந்துட்டா புள்ளயக் காப்பாத்த முடியாதுங்கறாங்க. அப்போ நான் யாருகிட்டப் போய் நியாயம் கேக்கறது?"

மச்சான் சமாதானம் ஆனாரா என்று எனக்குத் தெரியவில்லை.

சந்தேகம் கேட்க எந்த நாளும் நல்ல நாள்தான், குழந்தைகளே... ஊசிக்கு மட்டும் சொன்ன நாள்!