ஆயிரத்தில் ஏழு

10-5-2006 — 500 — 3
11-5-2006 — 500 — 0
12-5-2006 — 1,000 — 7
15-5-2006 — 1,000 (கருவியுடன்) — 0
16-5-2006 — 1,000 — 6
27-1-2007 — 400 (வெள்ளிமலை) — 3
10-2-2007 — 100 (வெள்ளிமலை, கருவியுடன்) — 100

முதலில் இருப்பது தேதி. அடுத்தது, அன்று ஒரு நிரலை எத்தனை முறை ஓட்டினோம் என்பது. கடைசி எண், அது எத்தனை முறை தவறான விடை தந்தது என்பது. இந்தக் கணக்கை எழுதியது நான். ஓட்டியவர் எழில்மதி.

எழில்மதி பிறந்தது 1983இல், சங்கராபுரத்துக்குக் கிழக்கே ஒரு குடியிருப்பில். தாய் ஆயம்மாள் கரும்புக்குச் சோகை உரிப்பார், நெல்லுக்குக் களை எடுப்பார். தந்தை இறந்தபோது எழில்மதி நான்காம் வகுப்பு. அரசுப் பள்ளி, அரசு விடுதி, பிறகு சேலத்தில் அரசுப் பொறியியல் கல்லூரி. இடஒதுக்கீட்டில் கிடைத்த இடம் அது. அதைக் குரல் தாழ்த்திச் சொல்லும் பழக்கம் அவரிடம் இருந்ததில்லை. 2005இல் கள்ளக்குறிச்சியில் சுப்புராயன் நடத்திய கணினி மையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பெங்களூர் நிறுவனம் ஒன்று தரும் சோதனை வேலைகளை அந்த மையம் செய்துகொடுத்தது. பொதுப்பணித் துறையில் முப்பத்தொரு ஆண்டு நான் எழுதிய மழைக் கணக்கைத் தட்டச்சு செய்து வாங்க அங்கே போனேன். அப்படித்தான் பழக்கம்.

2006 மே மாதம் சோதனைக்கு வந்தது ஒரு டீபக்கர். அதாவது, மற்ற நிரல்களில் உள்ள பிழையைக் கண்டுபிடித்துச் சொல்லும் கருவி. வெளிநாட்டில் யாரோ செய்தது. ஒரு நிரலுக்குள் பல இழைகள் ஒரே நேரத்தில் வேலை செய்யும்போது, ஒன்றையொன்று முந்திக்கொண்டு கணக்கைக் கெடுத்துவிடுவது உண்டு. அந்தப் பிழையைப் பிடிப்பதுதான் இந்தக் கருவியின் வேலை.

எனக்கு இது புரிந்தது ஏரி மதகை வைத்து. ஏரிக்கு இரண்டு மதகு, அவற்றைத் திறந்து மூட இரண்டு லஸ்கர். தண்ணீர் குறியைத் தாண்டினால் யாராவது ஒருவர் ஒரு சுற்று திறக்க வேண்டும் என்று உத்தரவு. இருவரும் ஒரே நொடியில் அளவுகோலைப் பார்த்தால் இருவருமே திறந்துவிடுவார்கள். இரண்டு பங்கு தண்ணீர் போய்விடும். என்றைக்கோ ஒரு நாள்தான் அப்படி நடக்கும். பொறியாளர் கரையில் வந்து நின்றுவிட்டாலோ, இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு நிதானமாகத் திறப்பார்கள். அவர் எல்லாம் சரி என்று எழுதிவிட்டுப் போவார்.

எழில்மதி கண்டதும் இதைத்தான். வேண்டுமென்றே பிழை வைத்த மாதிரி நிரல் ஒன்றைத் தனியே ஓட்டினால் ஆயிரத்தில் ஏழு முறை தவறியது. கருவியை மேலே நிறுத்தி ஓட்டினால் ஒருமுறைகூடத் தவறவில்லை. கருவியும் குறை இல்லை என்றது. ஒவ்வோர் அடியையும் நிரலே பதிவு செய்யும்படி மாற்றிப் பார்த்தார். அப்போதும் பிழை மறைந்தது. பதினொன்றாம் தேதி ஐந்நூறு ஓட்டத்திலும் சுழி வந்ததற்குக் காரணம், சுப்புராயன் அதே கணினியில் பாட்டு போட்டுக்கொண்டிருந்தது. அந்த வரிக்கு எதிரே ஓரத்தில் ‘பாட்டு’ என்று குறித்தேன்.

இயந்திரம் வேறு எதைச் செய்தாலும் இந்தப் பிழை ஒளிந்துகொள்கிறது என்று இதிலிருந்து அவருக்குத் தெரிந்தது. எனவே கணக்கை இயந்திரத்துக்கு வெளியே, காகிதத்திலேயே தொடர்ந்து வைக்க முடிவு செய்தார். அவர் விசையை அழுத்துவார். திரையில் தெரியும் விடையை நான் பார்த்துக் கோடு போடுவேன். பத்துக்கு ஒரு கட்டு, நூற்றுக்கு ஒரு வரி.

அந்த மாதம் வடக்கே இடஒதுக்கீட்டை எதிர்த்து மருத்துவ மாணவர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். இங்கே ஆதரித்து ஆர்ப்பாட்டம். இருபதாம் தேதி கள்ளக்குறிச்சி நான்குமுனைச் சந்திப்பில் பேருந்துகள் முக்கால் மணி நேரம் நின்றன. அதற்கு முந்தின நாள்தான் பெங்களூர் மேலாளர் எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். ஒதுக்கீட்டுக்கு எதிரான மனு. கீழே பெயர் சேர்த்து அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். எழில்மதி பெயர் சேர்க்கவில்லை. ‘இதனால்தான் நான் படித்தேன்’ என்று ஒரு வரி எழுதி, எல்லோருக்கும் போகும்படி திருப்பி அனுப்பினார்.

22ஆம் தேதி, திங்கட்கிழமை, கருவிக்கான சோதனைச் சான்று வந்தது. ‘குறை எதுவும் காணப்படவில்லை’ என்ற வரிக்குக் கீழே அவர் கையெழுத்திட வேண்டும். மாலைக்குள் வெளிநாட்டுக்குப் போக வேண்டிய தாள். சுப்புராயன் அதை மேசையில் வைத்துவிட்டு அவர் எதிரிலேயே நின்றார்.

“இன்னாம்மா, ஒரு கையெழுத்துதானே. போட்டுட்டு அடுத்த வேலைய பாப்பியா, ரோதனை பண்ணிக்கினு.”

“ஆயிரத்துல ஏழு தபா தப்பாவுதுங்க, கருவி அத புடிக்கல. இல்லன்னு எப்பிடிங்க போடுறது?”

மேலாளரைத் தொலைபேசியில் அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்கள். தமிழ்க்காரர்தான். உங்கள் கணினியில் கோளாறு, எங்களுடையதில் இப்படி வரவில்லை என்றார். இயந்திரப் பதிவு எங்கே என்று கேட்டார். நோட்டுப் புத்தகத்தில் பேனாவால் போட்ட கோடுகளை யாருக்கு அனுப்புவது என்று சிரித்தார். பிறகு இதையும் சொன்னார்:

“கோட்டாவுல வந்தா இதான் பிரச்சினை. எண்ணக்கூடத் தெரியல.”

அறையில் இருந்த மற்ற ஐந்து பேரும் தலை குனிந்தார்கள். எழில்மதி குனியவில்லை.

“எண்ணத்தான் சார் தெரியும். ஆயிரம் வரைக்கும் எண்ணிட்டுத்தான் சொல்றேன். நீங்க எத்தினி வரைக்கும் எண்ணினீங்க?”

எழில்மதி கையெழுத்துப் போடவில்லை. சான்றில் மேலாளரே கையெழுத்திட்டு அனுப்பினார் என்று பிறகு தெரிந்தது. மாதக் கடைசியில் எழில்மதியை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஒப்பந்தம் போய்விடும் என்று சுப்புராயன் பயந்தார். அதை அவர் மறைக்கவும் இல்லை. செய்தி கேட்ட ஆயம்மாள் மகளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“தப்பு இருக்குதுன்னு சொன்னதுக்கா அனுப்பிட்டானுவோ? அதைச் சொல்லத்தானே உன்ன வச்சிருந்தானுவோ?”

எழில்மதி சங்கராபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு தட்டச்சு செய்யும் வேலைக்குப் போனார். எல்லோரும் மறந்தார்கள், அவர் மறக்கவில்லை. தன் பெயருக்கு எதிரே ‘எண்ணத் தெரியாதவர்’ என்று நிற்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். அதற்கு வேறொரு கணினி வேண்டும்; கள்ளக்குறிச்சிக் கணினியின் கோளாறு என்று இனி யாரும் சொல்ல முடியாதபடி.

அது வெள்ளிமலையில் கிடைத்தது. விடுதித் தோழி செந்தமிழ்ச்செல்வி அங்கே ஒரு பள்ளியில் ஆசிரியை. பள்ளிக்குப் புதுக் கணினி வந்திருந்தது. தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கித் தந்தார். சனிக்கிழமைகளில் கச்சிராயபாளையம் வழியாக மலைப் பேருந்தில் போனோம். கருவியின் மாதிரிப் பிரதி ஒன்று இணையத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இருந்தது. நிறுவனத்தின் நிரலில் ஒரு வரியைக்கூட எழில்மதி தொடவில்லை. அதே வகைப் பிழை வைத்துத் தானே ஒரு நிரல் எழுதினார். 27-1-2007 அன்று நானூற்றில் மூன்று முறை தவறியது. வேறு கணினி, வேறு ஊர், வேறு மின்கம்பி. பிழை மட்டும் அதே பிழை.

அதன்பின் இரண்டு வாரம் யோசித்து, நிரலை முப்பது வரியாகச் சுருக்கினார். ஓர் இழை சரியான இடத்தில் கண்ணிமைக்கும் நேரம் காத்திருக்கும்படி செய்தார். 10-2-2007 அன்று அதை நூறு முறை ஓட்டினோம், கருவியை மேலே வைத்தே. நூறு முறையும் விடை தவறு. தவறான விடை திரையில் நிற்கும்போதே, கருவி அதற்குக் கீழே நூறு முறையும் ‘குறை இல்லை’ என்று எழுதியது. செந்தமிழ்ச்செல்வி சிரித்துவிட்டார். எழில்மதி சிரிக்கவில்லை. என் நோட்டை வாங்கி அந்தப் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார்.

முப்பது வரி, என் நோட்டின் பதினான்கு பக்க நகல், ஒரு குறுந்தகடு. மூன்றையும் கருவி செய்தவர்களுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். முதல் பதில், கிடைத்தது என்று மட்டும். இரண்டாம் பதிலில் ஒரே கேள்வி: 11-5-2006 அன்று ஏன் சுழி, ஓரத்தில் உங்கள் மொழியில் எழுதியிருப்பது என்ன? அந்த நாளை நீக்கிவிட்டு அனுப்பலாம் என்று சிலர் முன்பே சொல்லியிருந்தார்கள். எழில்மதி சம்மதிக்கவில்லை. அன்று அந்தக் கணினியில் பாட்டு ஓடியது, அதனால் பிழை ஒளிந்தது, உங்கள் கருவி மேலே நின்றாலும் அதேபோல ஒளிகிறது என்று பதில் எழுதினார்.

மூன்றாம் கடிதமே கடைசி. பிழை உறுதியானது, கருவியைத் திருத்துகிறோம், மே 2006 சோதனைச் சான்றை இனி ஏற்பதில்லை, கண்டுபிடித்தவர் எழில்மதி, சங்கராபுரம். செய்தி கேட்டு சுப்புராயன் ஜெராக்ஸ் கடைக்கே வந்து, திரும்ப வந்துவிடும்மா என்றார்.

“வரேங்க. ஆனா நான் எண்ணறப்ப அதுல நீங்க பாட்டு போடக் கூடாது.”

கடிதம் வந்தது 22-6-2007, வெள்ளிக்கிழமை.