தேவகி கேட்ட ஐ.சி.

கால்கள் வளைந்துபோன ஐ.சி. சில்லை மேசை விளிம்பில் வைத்து, நகத்தால் ஒவ்வொரு காலாக நிமிர்த்திக்கொண்டிருப்பாள் தேவகி. அவளுக்கு அவையெல்லாம் ‘பூரான்’. நாற்பது கால் இருந்தால் ‘பெரிய பூரான்’. ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மெஷின் மோட்டார் முதல் தோல் அளக்கும் மெஷின் வரை பழுது பார்ப்பவள் அவள்தான். இயற்பியல் பட்டம் வேலூரில் வாங்கியது. ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் தானாகக் கற்றது. பேசும்போது எதிரே நிற்பவரைப் பார்க்க மாட்டாள், கையிலிருப்பதைத்தான் பார்ப்பாள்.

எண்பத்துநான்கில் மேனேஜர் அப்துல் ஹமீத், வீடுகளுக்கென்று விற்கும் சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி ஆபீஸில் வைத்தார். ஒரு ஜோடிக்கு எவ்வளவு தோல் பிடிக்கும் என்று கணக்கிடும் புரோகிராமை, ஷூ வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பினார்கள். அது ஓடவில்லை; வேறு பிராசஸருக்காக, அதாவது கணக்குப் போடும் வேறு சில்லுக்காக, எழுதியது. அதே வாரம், ஆபீஸ் கணக்கைவிடக் கூடுதலாகத் தோலை வீணாக்குகிறாள் என்று வெட்டும் பிரிவு மாதனூர் சவுரியம்மாளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். பதினோரு வருஷம் தோல் வெட்டியவள். அவள் கை தப்பாது என்பது தேவகிக்குத் தெரியும். ஆனால், தெரிந்து என்ன? காட்ட வேண்டுமே. புரோகிராமை ஓட்டாமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினாள்.

சரியான பிராசஸரை வைத்து ஒரு சர்க்யூட் போர்டு செய்து கம்ப்யூட்டருக்குள் செருக வேண்டும். ஹமீதுக்குத் தெரிந்த என்ஜினீயர்கள் எல்லாரும் 8085 பிராசஸர் என்றார்கள். காலேஜுக்குக் காலேஜ் அதுதான், கடையில் கேட்டதும் கிடைக்கும். தேவகி புரோகிராமை எண்களாக அச்சடித்து, அறுபது பக்கத்தையும் சாப்பாட்டு வேளைகளில் பென்சிலும் கையுமாகப் படித்தாள். ஒன்பதாம் நாள் ஓரிடத்தில் வட்டம் போட்டாள். அந்தக் கட்டளை 8085-க்குப் புரியாது, இஸட்-80 என்ற பிராசஸருக்குத்தான் புரியும்.

“எல்லாரும் ஒண்ணு சொல்றாங்க, நீ மட்டும் வேற சொல்றியேம்மா,” என்றார் ஹமீத்.

“கடையில இன்னா கெடைக்குதுன்னு பாத்து செய்யக்கூடாது சார். எழுதனவன் எதுக்கு எழுதனானோ, அதத்தான் போடணும்.”

மூன்று முறை லீவு போட்டு மதராஸில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவுக்குப் போனாள். இரண்டு முறை கடைக்காரர்கள் 8085-ஐயே நீட்ட, வெறுங்கையோடு ரயிலேறினாள். மூன்றாம் முறை கிடைத்தது. போர்டு செய்ய ஒரு மாதம் பிடித்தது. முதலில் செருகியபோது திரை இருண்டே கிடந்தது. யாருக்கும் சமாதானம் சொல்லாமல் ஒயர்களைப் பிரித்து மறுபடி பற்றவைத்தாள்.

ஒரு வியாழக்கிழமை காலையில் புரோகிராம் ஓடியது. சவுரியம்மாள் வெட்டிய மாடலுக்கு ஆபீஸ் போட்ட தோல் கணக்கே கம்மி. தோல் அதைவிடக் கூடுதலாகத்தான் பிடிக்கும். சவுரியம்மாள் ஒரு துண்டைக்கூட வீணாக்கவில்லை.

ஹமீத் காகிதத்தை இரண்டு தரம் படித்தார். பிறகு மேசை டிராயரிலிருந்து சவுரியம்மாளின் வருகைக் கார்டை எடுத்து, அவள் மறுபடி வேலைக்கு வரட்டும், கேட்டில் வைத்துவிடு என்று தேவகியிடம் நீட்டினார்.

தேவகி கை நீட்டவில்லை. முதன்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். பிறகு நகர்ந்து போய், கார்டை அவரே கொண்டுபோவதற்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.