வாவி நிறையத் தண்ணி

வாதம் இழுத்த காலை நீட்டிக்கொண்டு கதிரையிலிருந்த மாமா மிக்சர் பையைப் பிரித்தார். பொரித்த கறிவேப்பிலையும் மிளகாய்த்தூளும் மணந்தன. ஒரு பிடி அள்ளி என் நாய்க்கு எறிந்தார்.

"உப்பு நாய்க்குக் கூடாது மாமா."

"நாய்க்கு ஒண்டும் செய்யாது புள்ள."

என் சின்ன வயதில், நாவற்குடா வீட்டில் அப்பாவோடு சாராயம் குடிக்க மாமா வருகிற பின்னேரங்களிலும் இதே மணம்தான். குடிக்கிறவர்கள் பைட்ஸ் என்கிற மிக்சரும் கருவாட்டுப் பொரியலும் பாயில் கிடக்கும். எங்கள் நாய் கறுப்பன் இரண்டு காலில் நின்றால் ஒரு பிடி, விழுந்தால் ஒரு உதை. ஒருநாள் பை முழுவதும் அதன் வயிற்றுக்குள் போனது. அது வெறுஞ்சட்டியை நக்கியது.

"அதுக்குக் கொஞ்சம் தண்ணி வையுங்க" என்றாள் அம்மா குசினியிலிருந்து.

மாமா சட்டியைக் காலால் தள்ளினார். "வாவி நிறையத் தண்ணி கிடக்கு. போய்க் குடிக்கட்டும்."

அப்பாவும் சிரித்தார்.

கறுப்பன் போய்க் குடித்தது. முகத்துவாரம் திறந்து கடல் ஏறியிருந்ததால் வாவி உப்புக் கரித்தது. குடிக்கக் குடிக்கத் தாகம் கூடித் திரும்பவும் குடித்தது. வாந்தியெடுத்து, கால்கள் வெட்டி இழுத்து, கரையிலேயே செத்தது. "சாராய வெறியில செத்திருக்கும்" என்று மாமா அதற்கும் சிரித்தார்.

இப்போது என் நாய்க்குச் சட்டி நிறையத் தண்ணீர் வைத்தேன். மாமா உதட்டை நக்கினார்.

"எனக்கும் கொஞ்சம் தண்ணி தா புள்ள."

"வாவி நிறையக் கிடக்கு மாமா."

சிரித்தார். நான் அசையவில்லை என்று கண்டபிறகு சிரிப்பை நிப்பாட்டினார்.