பெரியப்பாவின் தாகம்

தோழிகளே, வகுப்புப் பலகையில் இதைச் சுடச்சுட எழுதி ஒட்டுகிறேன்.

கூட்டுக் குடும்பத்தில் மூத்த ஆண்மகனே முடிவெடுப்பார் என்று சமூகப் பாடத்தில் இருக்கிறதல்லவா? அதை நம்பி இன்று காலை பெரியப்பாவிடம் போனேன். மதுரைக் கல்லூரியில் சேர்ந்து சமூகவியல் படிக்கட்டுமா என்று கேட்டேன்.

“அது என்ன படிப்பு, கண்ணு?”

“மனுசங்க எப்படிச் சேர்ந்து வாழுறாங்கன்னு படிக்கிறது, பெரியப்பா.”

“அதுக்கு எதுக்கு மதுரைக்குப் போகணும்? இங்க ஒரே வீட்டுல இம்புட்டுப் பேரு சேர்ந்துதானே கெடக்கோம்!”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என் முகத்தைப் பார்த்தவர், “செத்த இரு, தண்ணி குடிச்சிட்டு வாரேன்” என்று அடுக்களைக்குள் போனார். அவர் பக்கத்திலேயே ஒரு செம்பு நிறையத் தண்ணீர் இருந்தது.

உள்ளே பெரியம்மாவின் குரல் மட்டும் வெகுநேரம் கேட்டது.

மீசையைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார். “நல்லா யோசிச்சுப் பாத்தேன். போயிப் படி. ஆனா தெனம் திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் பஸ்ல அலைய வேண்டாம். ஹாஸ்டல்ல இரு.”

“பெட்டிக்கு நல்ல பூட்டா வாங்கணும்னு சொல்லுங்க” என்றார் பெரியம்மா, உள்ளிருந்தே.

“பெட்டிக்கு நல்ல பூட்டா வாங்கணும்” என்றார் பெரியப்பா, மிகக் கண்டிப்பாக.

பரீட்சையில் இந்தக் கேள்வி வந்தால் புத்தகத்தில் உள்ளபடியேதான் எழுதப்போகிறேன். விடைத்தாளைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது பெரியப்பா. கல்லூரி விண்ணப்பத்தில் அவர் இன்னும் போடவில்லை.

உங்கள் வீட்டில் முடிவெடுப்பது யார்? கீழே எழுதுங்கள். பெயர் போட வேண்டாம்.